வண்டியில் ஏறுகிறவர்களுக்கும் சேர்த்து ஒரு பாலிசி

போன மாதம் என் காரின் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கைபேசியில் ஒரு பெண் கூப்பிட்டாள். முழுப் பாலிசியா, மூன்றாம் நபருக்கு மட்டுமா என்று கேட்டாள். முழுசாகவே போடம்மா என்றேன். நன்றி சார் என்று வைத்துவிட்டாள். எனக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, இடுப்பைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா, ஒன்றும் கேட்கவில்லை. எழுபத்தெட்டு வயதுக் கிழவன் ஒருவன் பாலக்காட்டுக் கோட்டையைச் சுற்றிக் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்பதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

ஓய்வு பெற்றவர்களின் கூட்டத்தில் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். இப்போது எங்கள் கிளையில் வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். "அந்தக் காலத்தில் நீங்கள் மட்டும் என்ன சார் கேட்டீர்கள்?" என்றார்கள். எழுதியே தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் நினைத்துப் பார்க்க உட்கார்ந்தபோது மனசுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. என் வேலை எனக்குப் பிடித்த வேலை. அதைச் சொல்ல வெட்கமில்லை.

நான் கொல்லங்கோட்டுப் பக்கத்துக்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பட்டப்படிப்பு முடித்து ஒரு சின்ன இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் எல்லாக் கம்பெனிகளையும் எடுத்துக்கொண்டபோது, பெயர்ப்பலகை மாறியது, நாற்காலி மாறவில்லை. கிழக்குப் பக்கத்துத் தமிழ் விவசாயிகளிடம் பேச ஓர் ஆள் வேண்டும் என்று என்னை இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். சித்தூர், கொல்லங்கோடு, முதலமடை, கோவிந்தாபுரம் எல்லாம் என் பாடு. அவ்வப்போது உடுமலைப்பேட்டை வழியாக மலையேறி மறையூர், காந்தலூர் வரை போக வேண்டும். மோட்டார் பாலிசியில் எனக்குச் சொல்லித்தந்த பாடம் மிகச் சுருக்கம். காரின் அடியில் படுத்துச் சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கத் தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி. மீதிப் பாதியை எங்கள் மேனேஜர் ராமன்குட்டி சார் சொல்லித்தந்தார்.

ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, இடுப்பில் வேட்டி, கையில் சொந்த ஃபிளாஸ்க். பாலிசிதாரர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். காப்பி குடித்துவிட்டு நஷ்ட ஈட்டை மறுத்தால் அது பாவம், காப்பி குடித்துவிட்டுக் கொடுத்தால் அது சந்தேகம் என்பார். நான் ஒரு மனுவைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் தலை நிமிராமல் இரண்டே கேள்விதான்.

"எடோ, வண்டியக் கண்டோ?"

"பார்த்தேன் சார்."

"ஓட்டறவனைக் கண்டோ?"

அந்த இரண்டாவது கேள்வியில்தான் நாங்கள் எல்லோரும் முழிப்போம். அறுபத்தைந்து வயது தாண்டியவர் ஓட்டுகிற வண்டி என்றால் டாக்டர் சீட்டு மட்டும் அவருக்குப் போதாது. லைசென்ஸ் கொடுப்பது வேறு ஆபீஸ், அவர்கள் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பார். தானே நேரில் போவார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "நிங்ஙள் வண்டி விடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கண் திறந்திருந்தால் நாம் ரோட்டைத்தான் பார்க்கிறோம், மூடினால்தான் ஓட்டுகிற ஆளைத் தெரியும் என்பது அவர் சித்தாந்தம். பிரேக் எப்போது விழுகிறது, கியர் எப்படி மாறுகிறது, வளைவுக்கு முன்னால் கால் தளர்கிறதா, எல்லாம் அவர் முதுகுக்குத் தெரிந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

காந்தலூரில் சுப்பையா என்று ஒருவர் இருந்தார். மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். பூண்டு போட ஒரு துண்டு நிலம், பழைய ஜீப் ஒன்று. வயது எழுபது. காது சுத்தமாகக் கேட்காது. நான் வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்றிருந்தேன். "காதுதான் மந்தம் சார். கண்ணு கழுகுக் கண்ணாக்கும். சோதிச்சுப் பாத்துக்கிடுங்க" என்று கத்தினார். காது கேட்காதவர்கள் எல்லோரும் நமக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்துவார்கள். மேனேஜர் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார். மறையூர் வரை இறங்கிவிட்டுத் திரும்பினோம். மனிதர் இறக்கம் முழுவதும் இரண்டாவது கியரிலேயே கொண்டுவந்தார், ஒரு இடத்திலும் பிரேக்கை அமுக்கிப் பிடிக்கவில்லை. மேனேஜர் இறங்கி, "ரெண்டு சைடும் கண்ணாடி வைக்கணும். பின்னால வர்றவன் ஹாரன் இவருக்குக் கேக்காது, கண்ணாடியில கண்டா மதி, அது போதும்" என்றார். அந்த நாளில் ஜீப்புக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி வைப்பது தாலி கட்டிய பிறகு நிச்சயதார்த்தம் செய்கிற மாதிரி வேண்டாத செலவு. சுப்பையா வைத்தார். பாலிசி கிடைத்தது. அவருக்கு ஒரு விபத்தும் நேரவில்லை.

இனி, பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்த விஷயம். கோவிந்தாபுரத்துப் பொன்னுசாமிக் கவுண்டர் விஷயம்.

கவுண்டருக்கு அப்போது எழுபத்து நாலு. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் உள்ளவர். அந்தப் பக்கத்தில் அவரிடம் மட்டும்தான் கார் இருந்தது, கறுப்பு அம்பாசிடர். பஸ் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை என்கிற ஊர். அதனால் கொல்லங்கோடு ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ கவுண்டர் கிளம்பினால் வண்டி நிறைய ஆள் இருக்கும். மகன் நடராஜன் என் வயது. அப்பா வண்டி ஓட்டுவது அவருக்குப் பிடிக்காது. பாலிசி முடிகிற சமயத்தில் நான் போயிருந்தபோது இரண்டு பேரும் என் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள்.

"வண்டியும் பழசு, அப்பனும் பழசு. சட்டத்துக்கு வேண்டியத மட்டும் போடுங்க, போதும்" என்றார் நடராஜன். சட்டத்துக்கு வேண்டியது என்றால் ரோட்டில் போகிற யார்மேலாவது வண்டி மோதினால் அவருக்கு மட்டும் கம்பெனி பொறுப்பு. வண்டிக்குச் சேதமானால் கிடையாது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கிடையாது.

"ஏனுங் தம்பி, வண்டியில ஏறி வர்ற சனத்துக்கு அடிகிடி பட்டா?" என்று கவுண்டர் என்னைக் கேட்டார்.

"அதுக்குத் தனியாக் கட்டணுமுங்க."

"அப்ப அதத்தான் மொதல்ல போடோணும். எனக்கு என்ன ஆனாச் செரி. என்ன நம்பி ஏறுனவங்கள நான் நடுரோட்டுல உடறதுங்களா?"

இப்படிக் கேட்ட பாலிசிதாரரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் அதிகம் பார்க்கவில்லை. எல்லோரும் வண்டியைப் பற்றித்தான் கேட்பார்கள். செலவு கையைக் கடிக்காமல் இருக்க நான் ஒரு வழி சொன்னேன். முழுப் பாலிசி எடுங்கள், ஆனால் வண்டிக்கு ஏற்படும் சின்னச் சேதங்களை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள், கட்டணம் குறையும். குறைந்ததைப் பயணிகளுக்கான பாதுகாப்பில் போடலாம். வண்டி கீறினால் கவுண்டர் பாடு, ஆள் காயப்பட்டால் கம்பெனி பாடு. நடராஜன் முனகிக்கொண்டே சம்மதித்தார். வயதான எத்தனையோ பேருக்குப் பிறகு இதே யோசனையைச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் அது நல்ல யோசனைதான்.

ஒரு நிபந்தனையையும் விளக்கினேன். இது சொந்த வண்டிக்கான பாலிசி. வாடகை வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால் எல்லாம் போய்விடும். கவுண்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வாடகைக்கு ஓட்டறனுங்களா? நல்லாருக்குது போங்க" என்று மோர்ச் செம்பைத் தள்ளி வைத்தார்.

மேனேஜர் வந்தார். பின் சீட்டில் ஏறினார், கண்ணை மூடினார். முதலமடை போய்த் திரும்ப வேண்டும். முன் சீட்டில் நான். கொஞ்ச தூரம் போனதும் கவுண்டர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தி, "சார் தூங்கீட்டாருங்களாட்ட இருக்குது" என்றார். நான் என்ன சொல்வது? ஆமாங்க என்றேன். அதற்குப் பிறகு அந்த வண்டி போன போக்கே வேறு. பள்ளம் வரும் முன்பே காலை எடுத்தார். எதிரில் மாட்டுவண்டி வந்தால் ஹாரன் அடிக்காமல் ஓரமாக நிறுத்தி வழிவிட்டார். ஊர் திரும்பி வண்டி நின்றதும் மேனேஜர் கண்ணைத் திறந்து, என் மனுவை வாங்கி அங்கேயே கையெழுத்துப் போட்டார். இருட்டியபின் ஓட்டக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

ஆபீசுக்குத் திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "பின்னால ஆளு உறங்கினா மெல்லப் போறவன். இதுக்கு மேல என்ன டாக்டர் சீட்டு வேணும்?"

அடுத்த மாங்காய்க் காலத்தில் அந்த வண்டி விபத்தில் மாட்டியது. நல்ல பகல் நேரம். செல்லம்மாள் என்று ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், ஒண்டிக்கட்டை, செக்போஸ்ட் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருந்தவள். கடைக்குச் சாமான் வாங்கக் கொல்லங்கோட்டுக்குக் கவுண்டர் வண்டியில் முன் சீட்டில் போனாள். பின்னால் இரண்டு பேர். எதிரே ஒரு லாரி இன்னொரு லாரியை முந்திக்கொண்டு ரோட்டை அடைத்து வந்தது. கவுண்டர் ஒடித்தார், வண்டி புளியமரத்தில் மோதியது. லாரி நிற்காமல் போய்விட்டது, நம்பரைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கவுண்டருக்கு நெற்றியில் தையல். பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. செல்லம்மாளுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

ஊர் என்ன பேசும்? இந்த வயதில் அவருக்கு எதற்கு வண்டி என்று பேசியது. லாரியைப் பற்றி யாரும் பேசவில்லை. கண் முன்னால் இல்லாத லாரியை எவ்வளவு நாள்தான் திட்டுவது? நடராஜன் சாவியை வாங்கித் தன் இடுப்பில் முடிந்துகொண்டார். ஆனால் எனக்கு அப்போது பெரிய கவலை செல்லம்மாள்தான். கடையை மூடினால் அவளுக்குச் சோறு இல்லை. நல்லவேளையாகப் பயணிகள் பாதுகாப்பு இருக்கிறது, வாக்குமூலம் எழுதி வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

வாக்குமூலத்துக்கு மேனேஜர் ஒரு முறை வைத்திருந்தார். சொல்கிறவர் வாயில் வந்த சொல்லை அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது, வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும். நாமாகச் சொல்லெடுத்துக் கொடுப்பது அறவே கூடாது. கூட்டுறவுச் சங்கத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். பின் சீட்டில் இருந்த இரண்டு பேரில் முதல் ஆளிடம், வண்டியில் வந்ததற்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"கொடுக்காம ஏறுவமுங்களா? வெறுங்கையோட ஏறுனா நல்லாவாங்க இருக்கும்? நா பச்சக்கல்ல ஒரு படி குடுத்தனுங்க."

பச்சைக்கல்லை என்றால் பச்சை நிலக்கடலை. ஒரு படி கடலையானாலும் கம்பெனிக் கணக்கில் அது வாடகை. அடுத்த ஆளும் அப்படித்தான். விசாரணை என்று கேள்விப்பட்டு, கூப்பிடாமல் வந்து நின்ற ஊர்க்காரர்களும் வரிசையாகச் சொன்னார்கள். ஒருவர் இளநீர், ஒருவர் தட்டைப்பயறு. ஓசியில் ஏறினவர்களுக்குக் கம்பெனி ஒன்றும் தராது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதோடு, கவுண்டர் வண்டியில் ஓசியில் போனவன் என்று எழுத்தில் இருந்தால் மானம் என்ன ஆவது? செல்லம்மாளுக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒவ்வொருவரும் அவள் தலையில் ஒரு கல்லை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். காலில் கனம் கட்டித் தொங்கவிட்டிருந்த நிலையிலும் அவள் தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

"ஒரு நாளும் ஓசியில ஏறுனதில்லீங்க. அன்னிக்கும் முருங்கக்கா ஒரு கூட குடுத்துட்டுத்தானுங்க ஏறுனேன். எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். வேறென்ன செய்வது? நடராஜனுக்கு விஷயம் தெரிந்தபோது, "எங்கப்பன வாடகக் கார்காரனாக்கிப் போட்டாங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டார். கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தார். எனக்கு அது அதிகம் வலித்தது.

மேனேஜர் எல்லா வாக்குமூலங்களையும் இரண்டு தரம் படித்தார். "இது மேல போனா வாடகைன்னு ஒரே வரியில தள்ளிடுவான்" என்றார். பிறகு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கவுண்டர் வீட்டில் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தும் ஒன்றும் தேறவில்லை. கொடுத்தது உண்மை, வாங்கியதும் உண்மை. கிளம்பி ஆபீஸ் ஜீப்பில் ஏறப்போகும்போது கவுண்டரின் மனைவி ராமாயம்மாள் ஒரு கூடை மாம்பழத்தைக் கொண்டுவந்து சீட்டில் வைத்தார். மேனேஜரின் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

"அம்மே, வேண்டா. நான் வாங்கறதில்ல."

"பழத்தச் சாப்புட்டுட்டுக் கூடயத் திருப்பிக் குடுத்தாப் போதுமுங்க."

மேனேஜர் ஒரு காலை ஜீப்பில் வைத்தபடி நின்றார். "கூடை எப்படித் திருப்பித் தரணும்? காலியாவா?"

ராமாயம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலிக்கூடய ஆராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? ஒரு தேங்கா, ரெண்டு வெத்தல, ஊட்டுல இருக்கறதப் போட்டுக் குடுக்கறதுதானுங்க."

"செல்லம்மா கொண்டுவந்த முருங்கக்காய்க் கூடை?"

"உள்ள இருக்குதுங்க. அரிசி போட்டு வெச்சிருக்குது, அவ வந்ததும் குடுக்கோணும். அவ ஒண்டிக்கட்டயாச்சுங்களே, எப்பவும் ரெண்டு படி எச்சாத்தான் போட்டனுப்புவம்."

"வண்டியில வராத மாசம் அவங்க ஒண்ணும் கொண்டுவர மாட்டாங்களா?"

"வண்டிக்கும் கூடைக்கும் என்னங்க? வண்டி வாங்கறதுக்கு முன்னாலருந்தே கூட போயிட்டு வந்துட்டுத்தானுங்க இருக்குது."

மேனேஜர் காலை இறக்கிக்கொண்டார். "எடோ மாணிக்கம், பேப்பர் எடு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. ராமாயம்மாள் சொன்னதை அப்படியே எழுதி வாங்கினோம். பிறகு முதலில் பேசியவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கொடுத்த கூடை திரும்பி வந்ததா, வந்தபோது அதில் என்ன இருந்தது என்று கேட்டோம். வீட்டுக்கு வீடு ஒரே பதில்தான். காரில் ஒரு நாளும் ஏறாத வீடுகளிலும் அதே பதில். ஊர் முழுவதும் கூடைகள் போய் வந்துகொண்டிருந்தன, அதற்குக் காரும் தேவையில்லை, கவுண்டரும் தேவையில்லை. இதை வாடகை என்றால் அந்த ஊரில் கல்யாண வீட்டுச் சீரும் வாடகைதான் என்று மேனேஜர் தன் குறிப்பில் எழுதினார். மேலாபீஸ் ஒரு தடவை திருப்பி அனுப்பியது. அவர் இன்னொரு தடவை, இன்னும் நீளமாக எழுதினார். கடைசியில் செல்லம்மாளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. கடையில் உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டு அவள் கல்லாவில் உட்கார்ந்தாள். மாம்பழத்தை ஆபீஸில் எல்லோரும் தின்றோம். கூடையில் நேந்திரங்காய் வறுவல் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பியவர் சாட்சாத் ராமன்குட்டி சார்தான்.

ஆனால் கவுண்டர் வண்டி ஓட்டவில்லை. பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டி புதுசு போலத் திரும்பி வந்து களத்தில் நின்றது. யாரும் அதில் ஏறவில்லை, அவரும் கூப்பிடவில்லை. பாலிசி புதுப்பிக்க நான் போனபோது நடராஜன் சட்டத்துக்கு வேண்டியது மட்டும் போதும் என்று மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை கவுண்டர் எதிர்த்துப் பேசவில்லை. "அவன் சொல்றபடி செய்யுங்க தம்பி" என்றார். நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டிப் பார்க்காமல் பாலிசி போட மேனேஜர் சம்மதிக்க மாட்டார் என்று சொன்னேன். அது உண்மைதான். நடராஜன் வேண்டாவெறுப்பாகச் சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். கவுண்டர் ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிரக் கையைத் தூக்கவில்லை.

அப்போதுதான் செல்லம்மாள் வந்தாள். யார் சொல்லி வந்தாள் என்று எனக்குத் தெரியாது. கம்பை ஊன்றி, ஒரு காலை இழுத்துக்கொண்டு களத்தைக் கடந்தாள். முன்கதவைத் திறந்தாள். கம்பை உள்ளே தள்ளி, காலைக் கையால் தூக்கி வைத்து, அதே சீட்டில் உட்கார்ந்தாள்.

"கொல்லங்கோட்டுக்கு உடுங்க மாமா. கடைக்குச் சாமான் வாங்கோணும்."

நடராஜன் ஓடிவந்தார். "ஏனக்கா, இத்தன பட்டும் உனக்குப் பயமில்லையா?"

"பயந்தான் சாமி, இல்லாம என்ன?" என்றாள். "ஆனா நான் இதுல ஏறலீன்னா, எங்கால ஒடிச்சது இவருதான்னு ஊரு முடிவு பண்ணீருமல்ல?"

கவுண்டர் சாவியைத் திருகினார்.